திட்ட மேலாண்மை மென்பொருளில் பொதுச் சொற்களை எங்கே வரையறுப்பது, எப்படிச் சுட்டுவது?

நீர்க்கணக்கு (கொழிஞ்சாம்பாறை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். குடிநீர்க் குழாய்ப் பணிகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் ஒரு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பைக் கவனித்து வருகிறேன். அலுவலகம் கொழிஞ்சாம்பாறையில் இருந்தாலும், பணிகள் பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், எல்லை தாண்டிப் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்திலும் நடக்கின்றன. சைட்டில் இருக்கும் மேற்பார்வையாளர்கள் தமிழில் எழுதுகிறார்கள். பாலக்காட்டுப் பொறியாளர்களில் பலர் மலையாளத்தில் எழுதுகிறார்கள். பில் பிரிவில் எல்லாமே ஆங்கிலம். ஒவ்வொரு பணிக்கும் ரெட்மைன் மென்பொருளில் ஒரு ப்ராஜெக்ட் திறந்து, அன்றாட வேலைகளை அதில் பதிந்து வருகிறோம்.

மென்பொருளைப் பற்றி எங்களுக்குக் குறையில்லை. அதில் நாங்கள் எழுதும் சொற்கள்தாம் ஆளுக்கொரு பொருளில் நிற்கின்றன. "பணி நிறைவு" என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாயைப் பதித்துப் பள்ளத்தை மூடியதும் மேற்பார்வையாளர் அந்த நிலையைப் போட்டுவிடுகிறார். அழுத்தச் சோதனை தேறிய பிறகுதான் நிறைவு என்று பொறியாளர் கருதுகிறார். எம்.புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், அளவு ஏறி, அது சரிபார்க்கப்பட்டு, வேலை நடக்க நடக்கப் போடும் ஆர்.ஏ. பில்லில் சேர்ந்தால்தான் பில் பிரிவுக்கு அது நிறைவு. மூவரும் அவரவர் வேலையைச் சரியாகவே செய்கிறார்கள். ஆனால் மாதக் கடைசியில் "நிறைவடைந்த நீளம்" என்று ஓர் எண் மேலே போகும்போது, அதில் மூன்று வகை நிறைவும் கலந்து கூட்டப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை நம்பித்தான் அடுத்த குழாய் லோடு வரவழைக்கப்படுகிறது, ஆட்களும் அடுத்த ஊருக்கு மாற்றப்படுகிறார்கள்.

"பஞ்சாயத்து" இன்னொரு தலைவலி. கேரளம் முழுவதிலும் 941 கிராம பஞ்சாயத்துகள்தாம் உள்ளன. தமிழ்நாட்டிலோ 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகள். இங்கே வடகரப்பதியைப் போல ஒரு பஞ்சாயத்து என்றால் பல ஊர்கள் அடங்கிய பெரிய பரப்பு. பொள்ளாச்சிப் பக்கத்து ஊராட்சி அந்த அளவுக்கு வராது. "எத்தனை பஞ்சாயத்தில் வேலை முடிந்தது" என்று இரண்டையும் சேர்த்துக் கூட்டினால் கிடைக்கும் எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

இப்போது ஒவ்வொரு ப்ராஜெக்டின் விக்கியிலும் (பலரும் சேர்ந்து எழுதும் பக்கங்களின் தொகுப்பு) கலைச்சொற்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. புதுப் பணி தொடங்கும்போது பழைய ப்ராஜெக்டிலிருந்து அதை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. பிறகு அங்கங்கே திருத்தங்கள் நடந்து, எந்தப் பக்கத்தில் இருப்பது செல்லுபடியாகும் வரையறை என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. ஒரே இடத்தில் வைத்து எல்லா ப்ராஜெக்டிலிருந்தும் சுட்ட முடியுமா? அப்படிச் சுட்டினாலும், வெயிலில் நின்று கைபேசியில் பதிவு போடுகிறவர் அந்தப் பக்கத்தைத் திறந்து படிப்பார் என்று எதிர்பார்க்கலாமா? இதைக் கடந்து வந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வாளையார்வழி (கோயம்புத்தூர்) எழுதியது:

வணக்கம் ஐயா. நகலெடுத்து ஒட்டுவதை நிறுத்துவதுதான் முதல் வேலை. கலைச்சொற்களுக்கென்றே தனியாக ஒரு ப்ராஜெக்ட் திறந்து, அதன் விக்கியில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் என்று வையுங்கள். எல்லாச் சொற்களையும் அகரவரிசையில் ஒரே நீண்ட பக்கத்தில் அடுக்குவது பார்வைக்கு வசதியாக இருக்கும். ஆனால் ஒரு வரையறையை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று தேடும்போது மற்றச் சொற்களின் திருத்தங்களுக்கு நடுவே அது மறைந்துபோகும். தனிப் பக்கம் என்றால் அந்தப் பக்கத்தின் வரலாறே அந்தச் சொல்லின் வரலாறாகிவிடும். அகரவரிசைப் பட்டியல் வேண்டுமென்றால் இணைப்புகள் மட்டும் கொண்ட ஒரு முகப்புப் பக்கம் போதும்.

மற்ற ப்ராஜெக்டுகளிலிருந்து சுட்டுவது எளிது. விக்கியிலோ பணிப் பதிவின் விளக்கத்திலோ [[கலைச்சொற்கள்:பணி நிறைவு]] என்று எழுதினால் இணைப்பு தானாக உருவாகும். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது ப்ராஜெக்ட், பின்னால் இருப்பது பக்கம். ப்ராஜெக்டின் அடையாளக் குறி ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் இருக்க வேண்டும் என்றாலும், சுட்டும்போது அதன் தமிழ்ப் பெயரையும் ரெட்மைன் ஏற்றுக்கொள்கிறது. பக்கம் இன்னும் எழுதப்படவில்லை என்றால் இணைப்பு சிவப்பாகத் தெரியும். சிவப்பைக் கண்டு யாரும் இணைப்பை நீக்கிவிட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். புழக்கத்துக்கு வந்துவிட்ட சொல்லுக்கு வரையறை பாக்கி இருக்கிறது என்பதை அது காட்டிக்கொண்டே இருக்கும். புள்ளி, காற்புள்ளி, சாய்கோடு போன்ற குறிகள் பக்கப் பெயரில் நிற்காது, மென்பொருள் எடுத்துவிடும். ஆகவே எம்.புக், ஆர்.ஏ. பில் போன்றவற்றின் பக்கங்களுக்குப் புள்ளியில்லாமலே பெயர் வையுங்கள். பிற்பாடு பெயரை மாற்ற நேர்ந்தால், பழைய இணைப்புகளைப் புதுப் பெயருக்குத் திருப்பிவிடும் வசதி அங்கேயே இருக்கிறது. அந்தக் கட்டத்தில் குறியிட மறக்காதீர்கள்.

பணி தொடக்கக் கூட்டக் குறிப்பு போன்ற பக்கங்களில் வரையறையின் வாசகமே தெரிய வேண்டும் என்றால், அப்போதும் நகலெடுக்கத் தேவையில்லை. பக்கத்துக்குள் எழுதும் சிறு கட்டளையான இன்க்ளூட் மேக்ரோவைக் கொண்டு மூலப் பக்கத்தை அங்கே வரவழைக்கலாம். மூலத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும். கான்ஃப்ளுயன்ஸ் என்னும் விக்கி மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இதே வேலையை எக்ஸர்ப்ட் மேக்ரோ செய்கிறது.

அடுத்தது வரையறையை எழுதும் முறை. கலைச்சொல் பணிக்கான ஐ.எஸ்.ஓ. 704 என்னும் தரநிலை ஒரு நல்ல சோதனையைச் சொல்கிறது: வாக்கியத்தில் சொல்லை எடுத்துவிட்டு வரையறையை அந்த இடத்தில் வைத்தால் பொருள் மாறாமல் நிற்க வேண்டும். "பணி நிறைவு என்பது பணி முழுமையாக நிறைவடைந்த நிலை" என்று எழுதினால் அந்தச் சோதனையில் எதுவும் தேறாது, ஏனெனில் சொல்லையே சொல்லால் விளக்கியிருக்கிறோம். முதலில் அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்று சொல்லி, பிறகு அந்த இனத்தில் உள்ள மற்றவற்றிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் கூறுகளைச் சொல்ல வேண்டும்.

உங்கள் துறையிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் "செயல்படும் வீட்டுக் குழாய் இணைப்பு" என்பதை எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கிராமப்புற வீட்டுக்குக் கொடுக்கப்பட்ட குழாய் இணைப்பு என்று இனத்தைச் சொல்லிவிட்டு, ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 55 லிட்டர், ஐ.எஸ். 10500 என்னும் இந்தியக் குடிநீர்த் தரநிலைக்கு உட்பட்ட தரம், தொடர்ச்சியான வழங்கல் என்று அளந்து பார்க்கக்கூடிய மூன்று கூறுகளை வைத்திருக்கிறார்கள். வாசலில் குழாய் நிற்கிறது என்பதற்காக அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. "செயல்படும்" என்ற ஓர் அடைமொழிக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பதை வரையறையைப் படித்தால்தான் உணர முடியும். உங்கள் பணி நிறைவும் இப்படி அளந்து பார்க்கத்தக்கதாக எழுதப்பட வேண்டும்.

சைட்டில் இருப்பவர் படிப்பாரா என்று கேட்டீர்கள். படிப்பார் என்று நம்பித் திட்டமிடாதீர்கள். ரெட்மைனில் தனிப்பயன் புலத்துக்கு (பதிவில் நாமே சேர்க்கும் நிரப்பு கட்டம்) ஒரு விளக்கம் எழுதி வைத்தால், புலத்தின் பெயர்மேல் சுட்டியைக் கொண்டுபோகும்போது அது தோன்றும். ஓப்பன் ப்ராஜெக்ட் என்னும் வேறொரு மென்பொருளில் புலத்துக்கு அருகே கேள்விக்குறி ஒன்று வரும், அதைத் தொட்டால் விளக்கம் திறக்கும். ரெட்மைனின் வழி அலுவலகக் கணினிக்குப் பயன்படுமே தவிர, சுட்டியே இல்லாத கைபேசித் திரையில் பயன்படாது. ஆகவே வரையறையை வேலையோட்டத்துக்குள் வையுங்கள். ஒரு குறிப்பிட்ட நிலைக்குப் பதிவை மாற்றும்போது எந்தெந்தப் புலங்கள் கட்டாயம் நிரப்பப்பட வேண்டும் என்று ரெட்மைனின் வொர்க்ஃப்ளோ பகுதியில் அமைக்கலாம். சோதனை தேதியும் சோதனை அறிக்கை எண்ணும் இல்லாமல் அந்த நிலையைப் போட முடியாது என்று அமைத்துவிட்டால், வரையறையைப் படிக்காதவரும் அதற்குக் கட்டுப்பட்டே பதிவு செய்வார். என்னுடைய உறுதியான கருத்து இது: திரையில் எதையும் தடுக்காத, எதையும் கேட்காத வரையறை நாளடைவில் யாருக்கும் நினைவில் நிற்காது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மூன்று பேருக்கு மூன்று பொருள் தரும் ஒரு நிலையை வரையறையால் கட்டிப்போடுவதைவிட, அந்த நிலையையே எடுத்துவிட்டு "பதிப்பு முடிந்தது", "சோதனை தேறியது", "அளவு ஏறியது" என மூன்று நிலைகளை வைப்பது நல்லது. மூவருக்கும் அவரவர் நிறைவு கிடைத்துவிடும், கூட்டலும் கலக்காது. ரெட்மைனில் நிலைகள் எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவானவை என்பதால், இதைச் செய்யும் முன் எல்லாப் பணிகளின் பொறுப்பாளர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.


நகரிக்கரை (நகரி, ஆந்திரம்) எழுதியது:

வாளையார்வழி ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எல்லாச் சொற்களையும் ஒரே களஞ்சியத்தில் ஒரே வரையறையோடு வைப்பது இரு மாநிலங்களில் வேலை செய்கிறவர்களுக்குப் பொருந்தாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மாம்பழக் கூழ் ஆலைகளுக்கான கொள்முதல் பணியை மென்பொருளில் நடத்தி வருகிறேன். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்தும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்தும் காய் வருகிறது. ஆந்திரப் பக்கத்தில் தோத்தாபுரி என்று எழுதப்படும் அதே ரகம் தமிழ்நாட்டுப் பக்கத்தில் பெங்களூரா என்று வரும், கிளிமூக்கு என்றும் வரும். இது ஒரு பொருளுக்குப் பல பெயர் இருக்கும் நிலை. இதற்கு ஒரு பெயரை முதன்மையாக வைத்து, மற்றவற்றுக்குச் சிறு பக்கங்கள் திறந்து முதன்மைப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் போதும். தேடுகிறவர் எந்தப் பெயரில் தேடினாலும் வந்து சேர்வார். உங்கள் பஞ்சாயத்து அப்படிப்பட்டதன்று. அங்கே ஒரு பெயருக்கு இரண்டு பொருள் இருக்கிறது. இரண்டும் அந்தந்த மாநிலச் சட்டப்படி சரியானவை. இதற்கு ஒரே வரையறை எழுத முயன்றால், "உள்ளாட்சி அமைப்பின் ஓர் அலகு" என்பது போல எதையும் கட்டுப்படுத்தாத ஒரு வாக்கியம்தான் மிஞ்சும்.

இந்தச் சிக்கலுக்கு நம் நாட்டுச் சட்டங்கள் நெடுங்காலமாகவே ஒரு வழி வைத்திருக்கின்றன. 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், அதாவது ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட், தன் 3ஆம் பிரிவில் "மாதம்", "நிதியாண்டு" போன்ற சொற்களை ஒருமுறை வரையறுத்துவிடுகிறது. அதற்குப் பின் வந்த மத்தியச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆனால் பொருளோ சூழலோ அதற்கு முரணாக இருந்தால் பொருந்தாது என்ற விலக்கும் அதே வரியில் இருக்கிறது. தனிச் சட்டம் வேறு பொருள் கொள்ள விரும்பினால், வழக்கமாகத் தன் 2ஆம் பிரிவில் அதைச் சொல்லிவிடும். மாநிலங்களுக்கும் இதேபோல் தனிச் சட்டங்கள் உண்டு. கேரளத்தில் நடப்பில் உள்ள விளக்கம் மற்றும் பொது விதிகள் சட்டத்தின் ஆண்டு 1125 என்று குறிக்கப்பட்டிருக்கும். அது கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டு. எந்தக் கணக்கு ஆண்டு என்று தெரியாமல் படிப்பவர் திகைத்துப்போவார் என்பதால் இதைச் சொல்கிறேன்; உங்கள் தேதிப் புலங்களுக்கும், "நிதியாண்டு", "பருவம்" போன்ற சொற்களுக்கும் இந்தக் கவனம் வேண்டும்.

இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுக் களஞ்சியம் ஒன்று இருக்கட்டும். ஒவ்வொரு ப்ராஜெக்டின் விக்கியிலும் "இப்பணியில் மட்டும்" என்று ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் பொதுப் பொருளிலிருந்து விலகும் சொற்களை மட்டும் எழுதுங்கள். அங்கே இல்லாத சொல்லுக்குப் பொதுப் பொருள். விலகல் பட்டியல் நீண்டுகொண்டே போனால் பொது வரையறையில்தான் கோளாறு என்று கொள்ளலாம். பஞ்சாயத்தைப் பொறுத்தவரை, கூட்டிப் பார்க்கும் புலத்தில் அந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டு "கேரள கிராம பஞ்சாயத்து", "தமிழ்நாடு ஊராட்சி" என இரண்டாகப் பிரித்துவிடுங்கள். இரு பக்கத்துக்கும் பொதுவாகக் கூட்ட வேண்டும் என்றால் வீட்டு இணைப்புகளின் எண்ணிக்கையையோ குழாயின் நீளத்தையோ கூட்டுங்கள். நில அளவிலும் இதே எச்சரிக்கை தேவை. பேச்சில் எல்லோரும் சென்ட் என்கிறோம், பதிவேட்டில் ஆர் கணக்கில் இருக்கும். ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். நீரேற்று நிலையத்துக்கு இடம் எடுக்கும்போது புலத்தின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிடுங்கள்.


நீர்க்கணக்கு எழுதியது:

இருவருக்கும் மிகுந்த நன்றி. நிலையை மூன்றாகப் பிரிப்பதும், "இப்பணியில் மட்டும்" பக்கமும் உடனே செய்யத்தக்கவை. எங்கள் பொறியாளர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் சதுர அடைப்புக்குறி போட்டு இணைப்பு கொடுக்க சைட் ஆட்களுக்குப் பொறுமை இருக்காது. எழுதும் வாசகத்தில் கலைச்சொல் வந்தால் மென்பொருளே அதைக் கண்டுபிடித்து இணைப்பு தரும்படி செய்ய முடியுமா? இரண்டாவது, பணி நடந்துகொண்டிருக்கும்போதே வரையறை மாறினால், பழைய வரையறையின்படி முடித்துக் கணக்குக் கொடுத்த பகுதிகளை என்ன செய்வது?


புளியறை (செங்கோட்டை) எழுதியது:

முதல் ஐயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் இதில் நிறைய நேரம் செலவிட்டிருக்கிறேன். தானாக இணைப்பு தரும் கருவிகள் இருக்கின்றன. மூடுல் கற்றல் மென்பொருளின் சொற்கோவையில் இந்த வசதி உண்டு. விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளில் லிங்கோ என்னும் நீட்சி, ஒரு பக்கத்தில் எழுதிவைத்த சொற்களை மற்றப் பக்கங்களில் கண்டுபிடித்து, சுட்டியை வைத்தால் விளக்கம் காட்டும். ஆங்கிலத்துக்கு இவை நன்றாகவே வேலை செய்கின்றன. தமிழுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

காரணம் நம் மொழியின் அமைப்பிலேயே இருக்கிறது. "இணைப்பு" என்று களஞ்சியத்தில் பதிந்திருப்போம். வாசகத்தில் அது இணைப்பை, இணைப்பின், இணைப்புக்கு, இணைப்பில், இணைப்புகளை என்று வரும். "மட்டம்" என்று பதிந்தால் மட்டத்தை, மட்டத்துக்கு என்று அடியே மாறிவிடும். முழுச் சொல் பொருந்த வேண்டும் என்று கருவிக்குச் சொன்னால் இவற்றில் பெரும்பாலானவை தப்பிவிடும். சொல்லின் பகுதி பொருந்தினாலே போதும் என்று சொன்னால் "அளவு" என்ற கலைச்சொல் "அளவுகடந்த" என்பதற்குள்ளும் பிடிபடும். தவறான இணைப்புகள் திரை முழுக்கப் பரவிவிட்டால், சரியான இணைப்பையும் யாரும் தொடமாட்டார்கள்.

ஆங்கில ஒப்பந்தங்களில் வரையறுக்கப்பட்ட சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கிக் காட்டும் வழக்கம் உண்டு. இணையத் தரநிலை ஆவணங்களிலும், 2017இல் வந்த ஆர்.எஃப்.சி. 8174 என்னும் ஆவணம், முழுப் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே சில சொற்களுக்குத் தனிப் பொருள் என்று தெளிவாக்கியது. தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. ஆகவே பேச்சுவழக்கில் சொன்ன நிறைவையும் வரையறுத்த நிறைவையும் வேறுபடுத்திக் காட்ட நமக்கு இணைப்பைவிட்டால் வேறு நல்ல அடையாளம் இல்லை. கையால் கொடுக்கும் இணைப்பே மேல் என்பதும், எல்லாப் பதிவுகளிலும் அது தேவையில்லை என்பதும் என் கருத்து. சைட்டிலிருந்து வரும் அன்றாடக் குறிப்பில் இணைப்பு எதற்கு? பணி ஆணை, கூட்ட முடிவு, மாத அறிக்கை ஆகியவற்றில் இருந்தால் போதும். அவற்றை எழுதுகிறவர்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள். வேற்றுமை உருபுக்கு நேர்க்கோடு உதவும்: [[கலைச்சொற்கள்:வீட்டு இணைப்பு|வீட்டு இணைப்புகளுக்கு]] என்று எழுதினால், வாசகத்தில் இரண்டாவது வடிவம் தெரியும், இணைப்பு முதல் பக்கத்துக்குப் போகும்.

எழுத்துக் குறியாக்கத்தில் ஒரு கண் வையுங்கள். "தொட்டி" என்பதில் உள்ள "தொ"வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு மென்பொருள் இவற்றை ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், "மேல்நிலைத் தொட்டி" என்ற பக்கம் கண்ணெதிரே இருக்கும்போதே இணைப்பு சிவப்பாக நிற்கும். பக்கப் பெயரைத் திரும்பத் தட்டச்சு செய்யாமல், முகப்புப் பட்டியலிலிருந்து எடுத்து ஒட்டச் சொல்லுங்கள். உங்கள் மலையாளப் பக்கங்களில் இது இன்னும் கடுமையாக இருக்கும்: 2008இல் வந்த யூனிகோடு 5.1 பதிப்பில் சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராமல் தனித்து நிற்கும் மெய்யெழுத்துகள்) தனிக் குறிகள் வந்தன. அதற்கு முந்திய முறையில் எழுதிய சில்லும் இன்றைய சில்லும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் யூனிகோடின் பொது இயல்பாக்கத்தால்கூட ஒன்றாகமாட்டா.


வாளையார்வழி எழுதியது:

புளியறை ஐயா சொன்ன எழுத்துச் சிக்கலுக்கு நன்றி; அதை நானே முன்பு குறிப்பிட்டிருக்க வேண்டும்.

வரையறை மாறுவதைப் பற்றி: விக்கிப் பக்கம் ஒவ்வொரு முறை சேமிக்கப்படும்போதும் ஒரு பதிப்பு எண் பெறுகிறது, அந்தப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் சாய்கோடும் எண்ணும் சேர்த்தால், அந்தக் குறிப்பிட்ட பதிப்பு என்றைக்கும் திறக்கும். ஆகவே இரண்டு வகைச் சுட்டுதல் வைத்துக்கொள்ளுங்கள். நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் பதிவுகள் பக்கத்தைச் சுட்டட்டும். அவற்றுக்கு எப்போதும் இன்றைய வரையறைதான். கணக்கு முடித்துக் கையெழுத்தான அறிக்கைகள் பதிப்பைச் சுட்டட்டும். அவற்றின் பொருள் கையெழுத்திட்ட நாளோடு உறைந்துவிட வேண்டும். வரையறை மாறியதற்காகப் பழைய அறிக்கையின் எண்களைத் திருத்தவே கூடாது. புது வரையறை எந்த ஆர்.ஏ. பில்லிலிருந்து நடப்புக்கு வருகிறது என்பதை வரையறைப் பக்கத்திலேயே ஒரு வரியாக எழுதுங்கள். மாற்றியதற்கான காரணத்தைச் சேமிக்கும்போது குறிப்புப் பெட்டியில் எழுதினால் அது வரலாற்றில் நிற்கும்.

யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றும் விடாதீர்கள். களஞ்சியப் பக்கங்களைப் பூட்டிவிட்டு, திருத்தும் உரிமையை ஓரிருவருக்குக் கொடுங்கள். திருத்தம் கோருகிறவர் அந்தக் களஞ்சிய ப்ராஜெக்டிலேயே ஒரு பதிவு திறக்கட்டும். விவாதம் அங்கே நடக்கட்டும். முடிவானதும் பக்கம் மாறட்டும். பில் பிரிவிலிருந்து ஒருவரும் சைட்டிலிருந்து ஒருவரும் அந்த ஓரிருவரில் இருப்பது நலம். அலுவலகம் மட்டுமே எழுதிய வரையறையைச் சைட் மதிக்காது, அதில் நியாயமும் இருக்கிறது.


நீர்க்கணக்கு எழுதியது:

ஐயங்கள் தீர்ந்தன. முதலில் எழுதியிருக்கும் வரையறையை இங்கே வைக்கிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்.

"சோதனை தேறியது: பதித்து மூடிய ஒரு குழாய்ப் பகுதி, அப்பணியின் ஒப்பந்தத்தில் குறித்த அழுத்தத்தில், குறித்த நேரம் வரை சோதிக்கப்பட்டு, கசிவு இல்லை எனப் பொறியாளர் அறிக்கையில் கையெழுத்திட்ட நிலை. சாலைச் சீரமைப்பு இதில் அடங்காது. கட்டாயப் புலங்கள்: பகுதியின் தொடக்கமும் முடிவும், சோதனை தேதி, அறிக்கை எண்."

அழுத்தத்தின் அளவை இங்கே எழுதவில்லை; அது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் வேறுபடுவதால் "இப்பணியில் மட்டும்" பக்கத்துக்கு அனுப்பிவிட்டேன்.


நகரிக்கரை எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. அடங்காததைச் சொல்லியிருப்பது மிகவும் பயன்படும். வாய்த்தகராறு பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் வரும். இரண்டு திருத்தங்கள். "கசிவு இல்லை" என்பதற்குப் பதிலாக "ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவுக்கு உட்பட்ட கசிவு" என்று எழுதுங்கள்; சில ஒப்பந்தங்களில் சோதனையின்போது சிறிதளவு இழப்பை அனுமதித்திருப்பார்கள், அங்கே உங்கள் வரையறை ஒப்பந்தத்தோடு மோதும். "பதித்து மூடிய" என்பதையும் பொறியாளரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இணைப்பிடங்களைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்த பிறகே முழுதாக மூடுவது நல்ல நடைமுறை. அப்படியானால் "பதிப்பு முடிந்தது" என்ற முந்திய நிலையின் வரையறையிலும் "இணைப்பிடங்கள் நீங்கலாக மூடிய" என்று சேர்க்க வேண்டியிருக்கும். கட்டாயப் புலங்களில் சோதித்த அழுத்தத்தையும் ஓர் எண்ணாகக் கேளுங்கள், அலகைப் புலத்தின் பெயரிலேயே எழுதி.